வெஸ்டர்ன் பிளஷர் குதிரை வாங்குவது எப்படி: முதல் விசாரணையிலிருந்து லாயம் வரை

வெஸ்டர்ன் பிளஷர் என்னும் அமெரிக்கக் குதிரைச் சவாரிப் போட்டியை முதன்முதலாகப் பார்ப்பவர் கண்ணில் படுவது அதன் நிதானம்தான். பத்துப் பதினைந்து குதிரைகள் வேலியோரமாகச் சுற்றி வரும். கடிவாள வார் தளர்ந்து தொங்கும். மேலே இருப்பவர் எதுவுமே செய்யாதது போல உட்கார்ந்திருப்பார். நடை, ஜாக் (மெதுவான டிராட், அதாவது துள்ளோட்டம்), லோப் (மெதுவான பாய்ச்சல்) என்று மூன்றே கதி. அறிவிப்பு வந்ததும் கதி மாற வேண்டும், திசை திரும்ப வேண்டும், கடைசியில் வரிசையில் நின்று பின்னால் நகர வேண்டும். போட்டி அவ்வளவுதான்.

வாங்கப் போகிறவர்கள் ஏமாறுவதும் இந்த நிதானத்தில்தான். மெதுவாகப் போகும் குதிரையைச் செயற்கையாகத் தயார் செய்துவிட முடியும். காலையில் ஒரு மணி நேரம் வட்டமாக ஓட்டிக் களைக்க வைக்கலாம், மயக்க மருந்து கொடுக்கலாம், வாயை இழுத்து இழுத்தே மிரட்டி அடக்கி வைக்கலாம். இரண்டு முன்கால்களிலும் வலி உள்ள குதிரைகூட மெதுவாகத்தான் போகும். நல்ல லோப்பை அப்படி வரவழைக்க முடியாது. ஆகவே விளம்பரம் பார்ப்பதிலிருந்து மருத்துவப் பரிசோதனை வரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குதிரை ஏன் மெதுவாகப் போகிறது?

முதலில் வகுப்பை முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் இந்தப் போட்டியின் மையம் குவார்ட்டர் ஹார்ஸ் இனம். டெக்சஸில் 1940-இல் தொடங்கிய அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் அசோசியேஷன்தான் (ஏ.க்யூ.எச்.ஏ.) அதன் தாய் அமைப்பு. பெயின்ட், அப்பலூசா இனங்களுக்குத் தனிச் சங்கங்கள் உண்டு. 1983-இல் உருவான நேஷனல் ஸ்னாஃபிள் பிட் அசோசியேஷன் பிளஷர் குதிரைகளுக்கென்றே ஏற்பட்டது. அரேபியன், மார்கன் இனங்களுக்கும் வெஸ்டர்ன் பிளஷர் வகுப்பு உண்டு. ஆனால் அவற்றின் கழுத்து உயர்ந்து நிற்பது. பார்க்க வேண்டிய விஷயங்கள் வேறு. இங்கே சொல்வது குவார்ட்டர், பெயின்ட், அப்பலூசா குதிரைகளுக்கு.

யார் சவாரி செய்யப் போகிறார் என்பதை வைத்து வயதைத் தீர்மானிக்க வேண்டும். ஐந்து வயது வரை உள்ளவை ஜூனியர் குதிரைகள்; ஸ்னாஃபிள் கடிவாளத்திலோ (நெம்புகோல் இல்லாத மென்மையான வாய்க்கம்பி) ஹாக்கமோரிலோ (வாய்க்கம்பியே இல்லாத மூக்குப்பட்டை) இரண்டு கைகளால் ஓட்டலாம். ஆறு வயது முதல் சீனியர்; பொது விதிப்படி கர்ப் கடிவாளம் (நெம்புகோல் போல அழுத்துவது), ஒரே கை. இரண்டு வயதுக் குதிரையை வாங்கினால் உங்கள் கையில் இருப்பது வெறும் சாத்தியம்தான். அது கற்றுக்கொள்ளும் காலம் முழுவதும் பயிற்சியாளருக்கு மாதாமாதம் பணம் போகும். சவாரியில் புதியவருக்கும் பள்ளி வயதுப் பிள்ளைக்கும் ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள், பல போட்டிகளுக்குப் போய்வந்த, காயடித்த ஆண்குதிரைதான் பொருத்தம். பெண்குதிரைகளில் அருமையானவை நிறைய உண்டு, பின்னாளில் இனப்பெருக்கத்துக்கும் உதவும்; சினைப்பருவத்தில் மனநிலை மாறுமா என்பதை மட்டும் கேட்டு வையுங்கள். பொலிகுதிரை உங்களுக்கு வேண்டாம்.

புள்ளிக் கணக்கும் விலையை மாற்றும். ஏ.க்யூ.எச்.ஏ.வின் லெவல் முறையில் ஓப்பன் பிரிவுக்கு (யாரும் ஓட்டலாம்) குதிரை இதுவரை வாங்கிய புள்ளிகள் கணக்கு. அமெச்சூர் (தொழில்முறை அல்லாதவர்), யூத் (இளையோர்) பிரிவுகளில் சவாரி செய்பவரின் தகுதி பார்க்கப்படும். அதனால் எத்தனையோ பரிசு வென்ற பன்னிரண்டு வயதுக் குதிரையின் மேல் 18 வயதுக்குட்பட்ட புதுப் பிள்ளை ஏறி யூத் லெவல் 1-இல் போட்டியிடத் தடையில்லை. முதல் குதிரையாக இப்படிப்பட்ட ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். வயதைக் காட்டி விலையும் பேசலாம்.

பணம்

வாங்கும் விலை செலவின் தொடக்கம்தான். போட்டி அனுபவமும் நல்ல லோப்பும் ஆரோக்கியமும் ஒன்றாக இருக்கும் குதிரை பெரும்பாலும் ஐந்து இலக்க டாலரில் நிற்கும். தேசிய அளவில் வெல்பவை ஆறு இலக்கத்துக்குப் போகும். கையில் இருப்பதை முழுவதும் விலையில் கொட்டிவிடாதீர்கள். லாய வாடகை, பயிற்சிக் கட்டணம், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம், தடுப்பூசி, பல் ராவுதல், போட்டிக் கட்டணம் என்று ஓர் ஆண்டுச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் விலை பேசுங்கள். பரிசோதனைக்கும் இந்தக் கணக்கிலேயே இடம் வேண்டும். அடிப்படைச் சோதனைக்குச் சில நூறு டாலர் ஆகும். எக்ஸ்ரேக்கள் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். பிடிக்காமல் திருப்பி அனுப்பும் குதிரைக்கும் இது செலவாகும் என்பதால் இரண்டு சோதனைக்கான பணம் வைத்திருப்பது நல்லது.

எங்கே தேடுவது, தரகு யாருக்கு

இணைய விளம்பரங்கள் உண்டு, ஏலங்கள் உண்டு. அக்டோபரில் ஒஹாயோவின் கொலம்பஸில் நடக்கும் ஆல் அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் காங்கிரஸ் போன்ற பெரிய போட்டிகளுக்குப் போனால், விற்பனைக்கு இருக்கும் குதிரைகளைக் களத்திலேயே பார்க்கலாம். என்றாலும் நல்ல குதிரைகளில் பல விளம்பரத்துக்கே வராமல் பயிற்சியாளர்களுக்குள்ளேயே கைமாறிவிடும். ஆகவே முதல் முறை வாங்குபவருக்கு ஒரு பயிற்சியாளர் துணை அவசியம்.

அந்தத் துணைக்கு வழக்கமான கூலி விலையில் 10 சதவீதம். ஒரே ஆள் இரண்டு பக்கமும் தரகு வாங்குவதும், விற்பவர் கேட்ட விலைக்கு மேல் ஒரு தொகையை ஏற்றி உங்களிடம் சொல்வதும் இந்தத் தொழிலின் பழைய நோய். இரு தரப்பின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் இரண்டு பக்கமும் முகவராக இருப்பதைக் கென்டக்கி மாநிலம் சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: தரகு எவ்வளவு, யார் கொடுப்பது, விற்பவர் கையில் போய்ச் சேரும் தொகை என்ன. காசோலையைப் பயிற்சியாளர் பெயரில் எழுதாமல் பதிவு உரிமையாளர் பெயரில் எழுதுங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் தரகரை அங்கேயே விட்டுவிடலாம்.

வீடியோ கேட்கும் முறை

விற்பனை வீடியோ என்பது நல்ல நொடிகளைப் பொறுக்கி ஒட்டியது. வெட்டாத, ஐந்து நிமிட வீடியோ கேளுங்கள். இரண்டு திசையிலும் நடை, ஜாக், லோப், நடுவில் நிறுத்தம், பின்னகர்வு. பின்னணிப் பாட்டு வேண்டாம், சத்தம் அப்படியே இருக்கட்டும். குளம்பொலியைக் கேட்டே பாதி விஷயம் புரியும். சவாரி செய்பவர் ஒவ்வோர் அடிக்கும் நாக்கைச் சொடுக்கிக் குதிரையை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தால் அதுவும் கேட்கும். வேலியோரத்திலிருந்து ஒரு முறை, களத்தின் குறுகிய முனையிலிருந்து நேராக வருவதையும் போவதையும் ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் கேட்க மறப்பது இந்த இரண்டாவதைத்தான்.

லோப்பைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுதல்

லோப் மூன்று தாளம். இடது லீடில் (இடது முன்கால் முன்னோக்கி நீளும்படி) போகும் குதிரை முதலில் வலது பின்காலை ஊன்றும். அடுத்து இடது பின்காலும் வலது முன்காலும் ஒரே நேரத்தில் தரை தொடும். கடைசியாக இடது முன்கால். பிறகு நான்கு காலும் தரையை விட்டு எழும் ஒரு கணம். வலது லீடில் எல்லாம் மாறி நடக்கும்.

சக்தி போதாமல் மெதுவாக்கப்பட்ட குதிரையில் அந்த நடு ஜோடி பிரிந்துவிடும். பின்கால் ஒரு தாளம், முன்கால் ஒரு தாளம். மொத்தம் நான்கு. விதிப்புத்தகம் குறை என்று சொல்லும் நான்கு தாள லோப் இதுதான். வெறும் கண்ணுக்குப் பிடிபடாது; செல்பேசியில் ஸ்லோ மோஷனில் பதிவு செய்து, நடு ஜோடியின் இரண்டு குளம்புகளும் ஒன்றாக இறங்குகின்றனவா என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இரண்டு திசையிலும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிரிந்தால் காரணம் பயிற்சிக் குறையாகவும் இருக்கலாம், பின்காலில் வலியாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லி வைக்க வேண்டிய செய்தி.

முனையிலிருந்து எடுத்த வீடியோவில் இடுப்பைப் பாருங்கள். உடலைக் கோணலாக்கி, பின்புறத்தைக் களத்தின் உள்பக்கம் தள்ளிக்கொண்டு லோப் செய்தால் வேகம் தானாகக் குறையும். சிறிதளவு கோணல் பல குதிரைகளில் காணப்படும். முன்கால் ஒரு தடத்திலும் பின்கால் வேறு தடத்திலும் விழும் அளவுக்குப் போனால் குறை. ஒவ்வொரு லோப் அடிக்கும் தலை மேலும் கீழும் ஆடுவது இன்னொரு குறை. பின்னங்கால் செய்ய வேண்டிய வேலையைக் கழுத்து செய்கிறது என்று அர்த்தம்.

ஜாக் இரண்டு தாளம், மூலைவிட்டக் கால்கள் ஜோடியாக இறங்க வேண்டும். முன்கால் ஜாக் போட, பின்கால் நடப்பது போல இழுபடும் குதிரைகள் உண்டு. ஜாக்கை நீட்டிக் காட்டும்படி கேளுங்கள். போட்டியிலும் இதைக் கேட்பார்கள். நல்ல குதிரை அடியை நீட்டும், தாளம் மாறாது. செயற்கையாக மெதுவாக்கப்பட்டது திணறும், அல்லது ஓட்டமெடுக்கும்.

தலை எங்கே நிற்க வேண்டும்? பிடரி முடியும் இடத்தில் உள்ள மேட்டை வித்தர்ஸ் என்பார்கள். உச்சந்தலை அதற்குச் சமமாகவோ சற்று மேலேயோ இருப்பது சரி. காது நுனி தொடர்ந்து வித்தர்ஸுக்குக் கீழே போனால் நடுவர் தண்டிப்பார். கண் மங்கி, காது பின்னால் தொங்கி, மிரட்டப்பட்டது போல வரும் குதிரைக்கும் மதிப்பெண் குறையும். காது முன்னால் நிமிர்ந்து, எதையோ ஆர்வமாகப் பார்த்துக்கொண்டு அதே நிதானத்தில் வருகிறதே, அதுதான் வேண்டும்.

உடலமைப்பு

நம் ஊரில் குதிரை வாங்கப் போனால் முதலில் சுழி பார்ப்பார்கள். இங்கே பார்ப்பது கோணம். சாய்வான தோள்பட்டை, வித்தர்ஸிலிருந்து கிட்டத்தட்டத் தரைமட்டமாகக் கிளம்பும் கழுத்து, குட்டையான முதுகு, நீளமான வயிற்றுக்கோடு, தாழ்வான முட்டிகள். கழுத்து உயர ஒட்டியிருக்கும் குதிரையைக் காலமெல்லாம் தலை இறக்கச் சொல்லிப் போராட வேண்டியிருக்கும். அதன் எலும்பே அதற்கு எதிராக நிற்கிறது. முன்கால் முட்டியை உயர்த்தாமல் நேராக வீசுவது அவசியம். பின்கால் நடுமூட்டான ஹாக் வலுவாக, அதிகம் வளையாமல், அதே சமயம் தூணாகவும் நிற்காமல் இருக்க வேண்டும். ரொம்ப நிமிர்ந்த பின்கால் அழகாக வீசும், ஆனால் ஹாக்குக்கு மேலே உள்ள ஸ்டைஃபிள் மூட்டில் தொல்லை வரும். உயரம் இன்று பெரும்பாலும் 15.2 முதல் 16.2 ஹேண்ட், அதாவது சுமார் 157 முதல் 168 செ.மீ.

வாலைத் தூக்கிப் பாருங்கள். பிளஷர் உலகில் வால் அசையாமல் தொங்குவது அழகு என்ற எண்ணம் வளர்ந்து, வாலின் நரம்பை ஊசியால் மரக்கச் செய்யும் கெட்ட பழக்கம் வந்தது. சங்க விதி இதைத் தடுக்கிறது. கையால் தூக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் துவண்டு கிடந்தாலோ, ஈ உட்கார்ந்தும் அசையாவிட்டாலோ, வாலடியில் சாணம் ஒட்டிக் காய்ந்திருந்தாலோ கேள்வி கேளுங்கள். போட்டியில் சேர்த்துக் கட்டும் ஒட்டு வால் வேறு விஷயம், அது அனுமதிக்கப்பட்டது.

நேரில் போகும் நாள்

நீங்கள் வரும் வரை குதிரையைத் தொட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அரை மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். சேணம் வைக்கும் இடத்தில் வியர்வை ஈரமோ காய்ந்த உப்புப் படலமோ இருந்தால் காலையிலேயே ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். கொட்டடியிலிருந்து பிடித்து வருவது, கட்டி வைப்பது, கால் நான்கையும் தூக்குவது, சேணம் இறுக்குவது எல்லாம் உங்கள் கண்முன் நடக்க வேண்டும். சேண வாரை இறுக்கும்போது காதை மடக்குவதும் கடிக்க வருவதும் வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், முதுகு வலியாகவும் இருக்கலாம்.

முதலில் விற்பவர் ஏறட்டும். அவர் ஏறாத குதிரையில் நீங்கள் ஏறாதீர்கள். அவர் கால் என்ன செய்கிறது என்று உற்றுப் பாருங்கள், ஏனென்றால் பல பிளஷர் குதிரைகள் குதிமுள்ளை அழுத்தினால் வேகம் குறைக்கும்படி பழக்கப்பட்டவை. ஸ்பர் ஸ்டாப் என்று பேர். ஆங்கில பாணியில் கற்றவர் 'போ' என்று காலை அழுத்துவார், குதிரை நின்றுவிடும். மறுபடி அழுத்துவார், பின்னால் நகரும். அது குதிரையின் தவறில்லை. ஆனால் உங்கள் பிள்ளைக்கு அந்த மொழி தெரியாது என்றால், கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று யோசிக்க வேண்டும்.

நீங்கள் ஏறியதும் கடிவாள வாரைத் தளர்த்திவிட்டு ஒரு முழுச் சுற்று எதுவும் செய்யாமல் லோப்பில் உட்காருங்கள். வேகம் கூடிக்கொண்டே போனால், அதுவரை பார்த்த நிதானம் ஓட்டியவர் கையில் இருந்தது. அடி குறைந்து ஜாக்குக்கு விழுந்தால், அவர் காலில் இருந்தது. அப்படியே தாளம் மாறாமல் போனால்தான் அது குதிரையுடையது. பிறகு இன்னொரு குதிரையைப் பின்னாலிருந்து வந்து தாண்டிப் போகச் சொல்லுங்கள். போட்டிக் களத்தில் இது ஓயாமல் நடக்கும். டிரெய்லரில் ஏறுகிறதா என்றும் பாருங்கள். பிடித்திருந்தால் இன்னொரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் இல்லாவிட்டாலும் குறுகிய அவகாசத்தில் சொல்லிவிட்டு, மறுபடி போங்கள்.

மருத்துவர்

விற்பவரின் மருத்துவர் வேண்டாம். அந்தக் குதிரையை இதுவரை பார்க்காத, போட்டிக் குதிரைகளோடு பழகிய கால்நடை மருத்துவரை நீங்களே அமர்த்துங்கள். பழைய மருத்துவக் குறிப்புகளை அவருக்கு அனுப்பும்படி விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். முக்கியமாக, மூட்டுகளில் ஊசி கடைசியாக எப்போது, எதற்குப் போட்டது? ஹாக் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவது இங்கே சகஜம், அதற்காக மட்டும் குதிரையை நிராகரிக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு முன் போட்டிருந்தால் இன்று நீங்கள் பார்ப்பது ஊசியின் நடை.

பிளஷர் குதிரையைச் சோதிப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மெதுவான கதி நொண்டலை மறைக்கும். ஒரு காலில் வலி என்றால் தலை ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு முன்கால்களிலும் சமமாக வலி என்றால் தலை ஆடாது, அடி மட்டும் குறுகும். அது அமைதியான குதிரை போலவே தெரியும். எனவே சேணமில்லாமல், கெட்டித் தரையில், ஜாக்காக இல்லாமல் சுறுசுறுப்பான முழு டிராட்டில் நேராகவும் சிறு வட்டத்திலும் ஓட்டிப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டை மடக்கிப் பிடித்து, சுமார் ஒரு நிமிடம் கழித்து விட்டு உடனே ஓட வைக்கும் சோதனையும் இருக்கும். அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் நொண்டலை 0 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். 0 என்றால் எதுவும் தெரியவில்லை. 3 என்றால் எந்தச் சூழலிலும் டிராட்டில் தொடர்ந்து தெரிகிறது.

எக்ஸ்ரே எடுக்க வேண்டிய இடங்கள்: முன்குளம்புகள், குறிப்பாகக் குளம்புக்குள் இருக்கும் நாவிகுலர் எலும்பு; இரண்டு ஹாக்; இரண்டு ஸ்டைஃபிள். முதுகைத் தொட்டால் சுருங்கும் குதிரைக்கு முதுகெலும்பும். பிளஷர் குதிரைகள் பல இரண்டு வயதிலேயே சவாரிக்குப் போனவை என்பதால் ஹாக்கின் கீழ் மூட்டுகளில் தேய்மானம் அடிக்கடி தெரியும். பத்து வயதுக் குதிரையில் லேசான தேய்மானம் இருந்தும் நொண்டல் இல்லையென்றால் அதோடு சமாளிக்கலாம். அதே படம் மூன்று வயதில் வந்தால் விட்டுவிடுங்கள். மருத்துவர் 'தேர்ச்சி', 'தோல்வி' என்று சொல்ல மாட்டார். "இந்த வேலைக்கு, இந்தச் சவாரியாளரோடு, அடுத்த ஐந்து ஆண்டில் இதற்கு என்ன பராமரிப்பு தேவைப்படும்?" என்று கேட்டால் உபயோகமான பதில் கிடைக்கும்.

அதே நாளில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அசிப்ரோமசின், சைலசின், டெடோமிடின் போன்ற மயக்க மருந்துகளையும், ஃபீனைல்பியூட்டசோன் போன்ற வலி நிவாரணிகளையும் கண்டுபிடிக்கலாம். ரெசர்பின் ஒருமுறை கொடுத்தாலே பல நாள் நிற்கும், அதையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். உடனே சோதிக்காவிட்டாலும் மாதிரியைச் சில வாரம் பத்திரப்படுத்தலாம். வீட்டுக்கு வந்ததும் குதிரை வேறு ஆளாக மாறினால் அதுதான் ஆதாரம்.

மரபணுச் சோதனை

பிடரி அல்லது வால் முடி 20–30 இழை, வேரோடு பிடுங்கி அனுப்பினால் போதும். குவார்ட்டர் ஹார்ஸுக்குப் பல நோய்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதிகம் கவலைப்பட வேண்டியது எச்.ஒய்.பி.பி. 1969-இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற பொலிகுதிரையின் வழியாக வந்தது இது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, தசை நடுங்கி, குதிரை விழுந்துவிடலாம். கோளாறு மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே நோய் வரும். முடிவு என்/என் (கோளாறு மரபணு இல்லை) என்றால் நிம்மதி. என்/எச் (ஒரு பிரதி) என்றால் தீவனம் முதல் காப்பீடு வரை சிக்கல். 2007 முதல் பிறந்த எச்/எச் (இரண்டு பிரதி) குதிரைகளை ஏ.க்யூ.எச்.ஏ. பதிவே செய்வதில்லை.

பி.எஸ்.எஸ்.எம்.1 இருந்தால் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். மாவுச்சத்து குறைந்த தீவனமும் தினசரி வேலையும் கொடுத்துச் சமாளிக்கிறார்கள், ஆனால் விலையில் அது தெரிய வேண்டும். எம்.எச். (உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும் கோளாறு) இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது உயிருக்கே ஆபத்து. எம்.ஒய்.எச்.எம்., தொற்றுக்கோ தடுப்பூசிக்கோ பிறகு தசை வேகமாகக் கரையும் நோய். ஹெர்டா (தோல் எளிதில் கிழியும் நோய்), ஜி.பி.இ.டி. (குட்டியைக் கொல்லும் கிளைக்கோஜன் குறைபாடு) இரண்டும் இரண்டு பிரதி சேர்ந்தால் மட்டுமே நோயாகும். ஒரு பிரதி தாங்கிய குதிரையில் தாராளமாகச் சவாரி செய்யலாம், குட்டி எடுக்கும்போதுதான் ஜோடியைப் பார்க்க வேண்டும். பெயின்ட் இனத்தின் வெள்ளைக்குட்டி மரண மரபணுவுக்கும் இதே கணக்கு.

தாள்கள், பணம், பயணம்

பதிவுச் சான்றிதழில் உள்ள உரிமையாளர் பெயரும் உங்களிடம் விற்பவர் பெயரும் ஒன்றாக இருக்கிறதா? இல்லையென்றால் இடையில் ஒரு கைமாற்றம் பதிவாகவில்லை. அந்தப் பழைய உரிமையாளரின் கையெழுத்து கிடைக்கும் வரை பணம் கொடுக்காதீர்கள். சான்றிதழில் உள்ள அடையாளக் குறிகளைக் குதிரையோடு ஒப்பிடுங்கள். போட்டிப் பதிவை விற்பவர் வாயிலிருந்து கேட்காமல் சங்கத்திலிருந்தே வாங்குங்கள். அமெச்சூர் பிரிவில் குதிரை யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. பெயர் மாற்றத்துக்கு முன் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் புரட்டுங்கள்.

முன்பணம் கொடுத்தால், மருத்துவச் சோதனை திருப்தி தராவிட்டால் முழுதும் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தெரிந்த நோய்கள், போட்ட ஊசிகள், கெட்ட பழக்கங்கள் பற்றிய விற்பவரின் உறுதிமொழியும் அதில் இருக்கட்டும். "உள்ளபடியே விற்பனை" என்ற வரி இருந்தால், வாயால் சொன்ன எதற்கும் பிறகு மதிப்பிருக்காது. உயிர்க் காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம் பொதுவாக மதிப்பில் 3–4 சதவீதம். குதிரை டிரெய்லரில் ஏறும் முன்பே அது நடைமுறைக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மாநில எல்லை தாண்டினால் காகின்ஸ் சோதனைச் சான்று (குதிரைத் தொற்று ரத்தசோகை இல்லை என்பதற்கு), பெரும்பாலான மாநிலங்களில் 12 மாதத்துக்குள் எடுத்தது, வேண்டும். 30 நாளுக்குள் மருத்துவர் கொடுத்த உடல்நலச் சான்றும் வேண்டும். வந்து இறங்கியதும் இரண்டு வாரம் மற்றக் குதிரைகளிடமிருந்து தள்ளி வைத்து, காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள். 99 முதல் 101 ஃபாரன்ஹீட் இயல்பு. பழைய இடத்துத் தீவனத்தில் ஒரு மூட்டையும் உலர்புல் கட்டுகள் சிலவும் கேட்டு வாங்கி வந்தால், ஏழிலிருந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதற்கு மாற்றலாம்; ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுவலி வரும். அது போட்டு வந்த கடிவாளம் என்ன வகை, என்ன அளவு என்பதையும் படமெடுத்துக்கொண்டு, முதல் மாதம் அதே வகையில் ஓட்டுங்கள்.